மருந்து கேட்டு எழுதிய சீட்டு

கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் என் கணவரும் நானும் ஒரு லாரித் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு மலையில் குடியிருக்கப் போனோம். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த வீட்டின் இளைய மருமகள் காட்டுக்குள் கூடாரம் போட்டு உட்கார்ந்தாள் என்று சொன்னால் இன்றைக்கு என் பேத்திகள்கூட நம்புவதில்லை. நம்பாதவர்களை நம்பவைக்கும் பொறுமை எனக்கு எப்போதுமே கிடையாது. என் கணவருக்கு அப்போது இருபத்தாறு வயது. இருபத்தேழு ஆகவில்லை.

நிலம் என் மாமனார் வாங்கிப் போட்டது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, அடிவாரத்துக் கடைசி ஊரிலிருந்து மூன்று மணி நேரம் ஏறினால் பத்து ஏக்கர் பட்டா நிலம். சுற்றிலும் சர்க்கார் காடு. யாரோ விற்க வந்தார்கள், மாமா வாங்கினார். வாங்கிய பிறகு அந்த வீட்டில் யாரும் அதை இரண்டாம் தடவை போய்ப் பார்க்கவில்லை. பாகம் பிரிக்கிற பேச்சு வந்தபோது மூத்தவருக்குக் கம்பெனி என்று ஆனது. இளையவரான என் கணவர், எனக்கு மலை போதும் என்றார்.

ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு கம்பெனியில் கலவை அறை ஒன்று தீப்பிடித்தது. உள்ளே இருந்த ஆளை வெளியே இழுத்துப் போட்டவர் இவர்தான். அந்த ஆள் மூன்று நாள் உயிரோடு இருந்தான். அதன் பிறகு இவரால் அந்த அறைகளின் பக்கம் போக முடியவில்லை. சோற்றுக் கையை மோந்து பார்த்துவிட்டு, கந்தக வாடை அடிக்கிறது என்று அப்படியே எழுந்துவிடுவார். இதைத் தன் அப்பாவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எலுமிச்சைத் தோட்டம் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மாமா சிரித்தார். "தைப்பொங்கல் வரைக்கும் அங்கன இருந்து காட்டுலே. இருந்துட்டேன்னா ஒம் பேருக்கு எழுதித் தாரேன், வீடும் கட்டித் தாரேன். நடுவுல எறங்கி வந்தேன்னா மூச்சுக் காட்டாம அண்ணன்கூடக் கம்பெனிக்குப் போயிரணும்."

"சரிப்பா" என்றார் இவர். அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது பேச்சு. கார்த்திகையும் மார்கழியும் மலையில் தாக்குப்பிடித்தால் எங்களுக்கு ஒரு வாழ்க்கை உண்டு. இல்லையென்றால் இவர் மறுபடி அந்தக் கலவை அறைக்குள் போக வேண்டும்.

இங்கே ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பிறந்த ஊர் விருதுநகர். அப்பா வத்தல் வியாபாரி. எங்கள் வீட்டில் மருந்து என்றால் டாக்டர் கொடுப்பது, இல்லாவிட்டால் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருவது. பதினைந்து பதினாறு மைல் தள்ளிச் சிவகாசியில் வாழ்க்கைப்பட்டுப் போனால் அங்கே மருந்து என்பது வெடிக்குள் வைக்கிற பொடி. அதை வெடிமருந்து என்று வெளியூர்க்காரர்கள்தான் சொல்வார்கள். கல்யாணமான முதல் வாரம் என் மாமியார், "மருந்துக்குப் போனவுக இன்னும் சாப்பிட வரலயே" என்று வாசலைப் பார்த்தார். நான் பதறிப்போய், "யாருக்கு மேலுக்கு முடியல அத்தை?" என்று கேட்டுவிட்டேன். ஒரு மாசம் என்னை வைத்துச் சிரித்தார்கள். இவர்கூட, நான் தும்மினால் போதும், "ஏளா, கொஞ்சம் மருந்து போட்டுக்கிறயா, திரி கொண்டாரவா?" என்பார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

தீபாவளி லோடு எல்லாம் போய்க் கம்பெனி ஓய்ந்த பிறகு கிளம்பினோம். லோடு மேல் போடுகிற பழைய தார்ப்பாய், கயிறு, இரண்டு பானை, மண்வெட்டி, எலுமிச்சை நாற்று. பன்றி தோண்டும், யானை வரும் என்பதால் ஒரு டின் நிறைய மருந்தை மாமா தன் கையாலேயே சலித்து நிரப்பிக் கொடுத்தார். ஓலைவெடி சுற்ற ஓலையும் திரியும் தனிக் கட்டு. கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்து, "மருந்து தீந்தா ஒரு சீட்டு எழுதி விடு தாயி. அவன் கேக்கமாட்டான், ரோசக்காரன். நீ எழுது" என்றார்.

என் அம்மா ஒரு சின்னக் குப்பியில் கொயினா மாத்திரை கொடுத்துவிட்டிருந்தாள். மலைக் காய்ச்சலுக்கு. அதை என் சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டேன். புகுந்த வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அடிவாரத்து ஊரில் ஒரு மாட்டுக்காரரை மாமா ஏற்பாடு செய்திருந்தார். ஐம்பது வயது தாண்டியவர். மலையில் மாடு பத்திப் பழகியவர். நான்கு நாளைக்கு ஒரு தடவை அரிசி பருப்பு கொண்டுவருவார். எங்களைக் கூட்டிப்போய் நிலத்தைக் காட்டியவரும் அவர்தான். காற்று வீசுகிற ஒரு மேட்டைக் காட்டி, "கூடாரத்த இங்கன போடுங்க" என்றார்.

இவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணி எங்க இருக்கு?" என்றார்.

"கீழ ஓடையில. ஒரு எட்டு நடந்தா வந்துரும்."

"அப்ப ஓடைகிட்டயே போட்டுருவோம். தண்ணி கைக்கெட்டுற தூரத்துல இல்லாம கூரை போடப்படாது."

அது எங்கள் வீட்டுச் சட்டம். கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் தண்ணீர்த் தொட்டி இருக்கும், மணல் வாளி இருக்கும். பிள்ளை நடக்கப் பழகும்போதே தீக்குப் பயப்படச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மாட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "இது ஓடுற தண்ணி இல்லீங்கய்யா. மழை நின்னு பள்ளத்துல கெடக்கிற தண்ணி. இங்கன யாரும் படுக்கமாட்டாக."

"ஏன்?"

"படுக்கமாட்டாக" என்றார் மறுபடியும். காரணம் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. காரணம் இல்லாததைக் கேட்டு நடக்க எங்களுக்குத் தெரியவில்லை. எட்டாம் வகுப்பு படித்தவள் நான். அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தேன் என்பதும் நினைவிருக்கிறது.

போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். பொழுது சாய்ந்ததும் கூடாரத்து வாசலில் நாலு பச்சை விறகைப் போட்டுப் புகை மூட்டம் போடச் சொன்னார். இவர் அதற்கும் தலையாட்டவில்லை. மருந்து இருக்கிற இடத்தில் கங்கு வைத்துக்கொண்டு தூங்குவதா? மருந்து டின்னை ஐம்பது அடி தள்ளி ஒரு பாறை இடுக்கில் வைத்தார். அடுப்பை அதற்கு எதிர்த் திசையில், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று மண்ணைத் தூவிப் பார்த்து, நாற்பது எட்டில் வைத்தார். சோறு வடித்தவுடன் சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். இருட்டுவதற்குள் எங்கள் இடத்தில் ஒரு பொட்டு நெருப்பும் இருக்காது. கொசு மட்டும் தார்ப்பாய்க்குள் இரைந்துகொண்டிருக்கும்.

முதல் பதினைந்து நாள் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், என் ஆயுசில் அதைவிட நல்ல பதினைந்து நாள் வந்ததில்லை. மாமியார் இல்லை, மூத்தார் இல்லை, சேலை முந்தானையைச் சரிசெய்து சரிசெய்து நிற்க வேண்டியதில்லை. இவர் குழி வெட்டுவார், நான் நாற்று வைப்பேன். மத்தியானம் பாறையில் உட்கார்ந்து கருவாட்டைச் சுட்டுக் கம்மங்கூழ் குடிப்போம். பேசுவார். வீட்டில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வீடு கட்டினால் சமையற்கட்டு எந்தப் பக்கம் என்று எனக்கும் அவருக்கும் சண்டைகூட வந்தது.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. எதற்கென்று சொல்லத் தெரியாது. வெயில் ஏறினால் தார்ப்பாயிலிருந்து கந்தக வாடை கிளம்பும். எத்தனை வருஷத்து லோடு மேல் கிடந்ததோ, துவைத்துத் துவைத்துப் பார்த்தும் போகவில்லை. அந்த வாடைக்குப் பயந்து மலையேறியவர் அதற்கடியில்தான் படுக்க வேண்டியிருந்தது. பன்றி நாற்றைத் தோண்ட ஆரம்பித்ததும் சாயங்காலந்தோறும் ஓலைவெடி சுற்ற வேண்டி வந்தது. டின்னைத் திறந்ததும் அவர் எழுந்து தள்ளிப் போய் நிற்பார். இரண்டாம் நாளே நான் பிடுங்கிக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல நான்தான் சுற்றினேன். ஒரு வெடி போட்டால் சுற்று வட்டாரத்தில் பறவைச் சத்தம் அப்படியே நின்றுவிடும். திரும்பக் கேட்க வெகு நேரமாகும்.

யானையை நாங்கள் பார்க்கவில்லை. காலையில் எழுந்தால் மூங்கில் முறிந்து கிடக்கும். ஒரு நாள் நாற்றுக் குழியில் பெரிய கால்தடம், அதில் தண்ணீர் ஊறி நின்றது. எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு பக்கத்தில் நின்றது, எங்களை ஏன் விட்டது, ஒன்றும் தெரியவில்லை. இவர் அந்தத் தடத்தில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வேறு இடத்தில் குழி வெட்டினார்.

வானம் வெளுத்திருக்கும் காலைகளில் கிழக்கே கீழ்நாடு முழுக்கத் தெரியும். ஆனைக்குட்டம் பக்கம் கண்மாய்த் தண்ணீர் தகரம் மாதிரி மின்னும். ஒரு தடவை திருத்தங்கலுக்கும் அந்தப் பக்கம், கம்பெனிகள் இருக்கிற திசையில் கறுப்பாகப் புகை நேரே ஏறியது. இவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அது கலைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். வைக்கோல் படப்பாக இருக்கும் என்றேன். ஆமாம் என்றார். அன்று சாயங்காலம்தான் முதலில் குளிர் எடுத்தது.

பல் கிட்டி உடம்பு தூக்கிப் போட்டது. இருந்த சேலை வேட்டி எல்லாவற்றையும் மேலே போட்டு நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பிறகு காய்ச்சல். பிறகு ஆறாக வேர்வை. விடிந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து, "பசிக்குதுளா" என்றார். அன்று முழுக்க வேலை செய்தார். மறுநாள் அதே நேரத்துக்குக் குளிர் வந்தது.

முறைக் காய்ச்சல் மனுஷரை ஏமாற்றும். ஒரு நாள் சாகக் கிடக்கிறவர் அடுத்த நாள் சிரித்துக்கொண்டு மண் வெட்டுவார். வேண்டாம், இறங்கிவிடலாம் என்று நான் சொல்வதெல்லாம் காய்ச்சல் நாளில். அன்று அவரால் நடக்க முடியாது. நடக்க முடிகிற நாளில் நான் சொன்னால், "இப்ப எனக்கு என்ன கேடு?" என்பார். அம்மா கொடுத்த குப்பியிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு மாத்திரை கொடுத்தேன். சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று இரண்டு தடவை பாதியாக உடைத்தும் கொடுத்தேன். யாரும் எனக்கு அளவு சொல்லித் தரவில்லை. அப்படியும் தீர்ந்தது.

பொங்கலுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. மாட்டுக்காரர் அரிசியோடு வந்த அன்று காய்ச்சல் இல்லாத நாள். இவர் வெயிலில் உட்கார்ந்திருந்தார். கண் மஞ்சளாகியிருந்தது. நான் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்தேன். மாட்டுக்காரர் கீழே போய்ச் சாயங்காலப் பஸ் கண்டக்டரிடம் சீட்டைக் கொடுத்தால் இரவுக்குள் மாமா கைக்குப் போய்விடும்.

"ஒங்களுக்குக் காய்ச்சல்னு எழுதப் போறேன்" என்றேன்.

"எழுதாத."

"ஏன் எழுதப்படாது?"

"எழுதினேன்னா நாளைக்கே ஆள் அனுப்பிக் கீழ எறக்கிருவாரு. அங்கன எல்லாரும் சிரிக்கிறதுக்கா? இன்னும் பதினெட்டு நாள்தானே. மாத்திரை வந்தாப் போதும்."

அவர் அதட்டவில்லை. கெஞ்சினார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அந்த அறைக்குள்ள திரும்பிப் போகமாட்டேன்ளா" என்றார். நான் அடங்காப்பிடாரி என்று பெயர் வாங்கியவள். அன்றைக்கு மட்டும் அடங்கிப்போனேன். இப்படி எழுதினேன்:

"மாமா அவர்களுக்கு நமஸ்காரம். மருந்து தீர்ந்துவிட்டது. உடனே அனுப்பி வைக்கவும். மற்றபடி இருவரும் நலம்."

வாசித்துக் காட்டினேன். சரி என்று தலையாட்டினார். அவர் சிவகாசிக்காரர். எந்த மருந்தை நினைத்துத் தலையாட்டினாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். பயம் வந்தால் பிறந்த வீட்டுப் பேச்சுதான் வாயில் வருகிறது. கையிலும் அதுதான் வந்தது. ஒன்றரை வருஷம் அந்த வீட்டில் இருந்தேன், அவ்வளவு கேலி பட்டேன், ஒரு நிமிஷம் எனக்கு உறைக்கவில்லை. மாட்டுக்காரர் சீட்டைத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டு இறங்கினார்.

அடுத்த நாள் குளிர் வந்தது. அதற்கடுத்த நாள் காய்ச்சல் விடவில்லை. வர வேண்டிய நல்ல நாள் வரவே இல்லை. என்னை யார் என்று கேட்டார். கலவை அறை ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சிறுநீர் கறுப்பாகப் போயிற்று. தனியாக விட்டுவிட்டு நான் ஊருக்கு ஓடவும் முடியாது. அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கவும் முடியாது. மருந்து வருகிறது, மருந்து வருகிறது என்று அவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் உச்சிப் பொழுதில் மாட்டுக்காரர் வந்தார். வர வேண்டிய நாளுக்கு ஒரு நாள் முந்தி வந்தார். சீட்டைப் பார்த்ததும் மாமா இரண்டு நாள் இரவு பகலாகத் தயார் செய்து, விடிந்ததும் கம்பெனி ஆளையே பஸ்ஸில் அனுப்பி, இன்றைக்கே மேலே போகணும் என்று சொல்லிவிட்டிருக்கிறார். மாட்டுக்காரர் தலையில் ஓலைப்பெட்டி. அதைக் குழந்தையை இறக்குவது போல இறக்கினார். "பீடி குடிக்கப்படாதுன்னு சொல்லி விட்டாக தாயி. வழி முழுக்கக் குடிக்கல" என்றார்.

அந்த வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கை மட்டும் பெட்டியைத் திறந்தது. துணி சுற்றிய டின். மூடிக்கு மெழுகு வைத்திருந்தார்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் சலித்த பொடி, விளிம்பு வரை. பக்கத்தில் திரிக்கட்டு. மடித்த காகிதம் ஒன்று. மாமாவின் எழுத்து.

"சிரஞ்சீவி மகனுக்கு ஆசீர்வாதம். மருந்து தீர்ந்த சேதி கண்டு சந்தோஷம். மிருகத்துக்குப் பயந்து ஓடி வராமல் நிலைத்து நிற்கிறாய் என்று தெரிகிறது. உன்னைக் குறைத்து நினைத்துவிட்டேன். இந்தத் தடவை இரட்டிப்பாக அனுப்பியிருக்கிறேன். ஈரம் படாமலும் நெருப்பு அண்டாமலும் வைத்துக்கொள்ளவும்."

நான் அழவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு போய் ஓடைப் பள்ளத்தில் கவிழ்த்தேன். பொடி கொஞ்ச நேரம் மேலே மிதந்து, பிறகு கறுப்பாகக் கரைந்து இறங்கியது. பாறை இடுக்கில் மிச்சமிருந்ததையும் விடவில்லை, அதையும் எடுத்துவந்து கொட்டினேன். திரியை மிதித்து மண்ணில் அரைத்தேன். மாட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் நின்றார். பிறகு கூடாரத்துக்குள் குனிந்து பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"இன்னைக்கே எறக்கணும் தாயி. கீழ போயி ஆள் கூட்டியாந்தா விடிஞ்சிரும். அம்புட்டு நேரம் தாங்காது."

தார்ப்பாயை அவிழ்த்துப் பாதியாக வெட்டி மூங்கிலில் தூளியாகக் கட்டினோம். முன்னால் அவர், பின்னால் நான். என் தோள் அதுவரை ஒரு தண்ணீர்க் குடத்துக்கு மேல் சுமந்ததில்லை. இறக்கத்தில் பாரம் முழுக்க முன்னால் போகும், கால் வழுக்கும், தூளி பாறையில் இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் இவர் முனகினார். முனகுகிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படியும் ஒரு சந்தோஷம் உண்டு.

ஒரு மணி நேரம் இறங்கியிருப்போம். வழி ஒரு காட்டாற்றைத் தாண்டுகிற இடத்தில் மாட்டுக்காரர் சட்டென்று நின்று, கையைப் பின்னால் ஆட்டி, மெதுவாகத் தூளியை இறக்கச் சொன்னார். எனக்குக் கண்ணில் படுவதற்கு முன் வாடைதான் வந்தது. தண்ணீரில் நான்கு யானை நின்றன. நடுவில் ஒரு குட்டி. ஒரு மாதமாகத் தடம் மட்டும் காட்டியவை அன்றைக்கு வழியை அடைத்துக்கொண்டு நின்றன.

பாறைக்குப் பின்னால் பதுங்கினோம். மாட்டுக்காரர் என் காதுக்கருகில் வந்து, "குட்டி இருக்கு. தானா நகராது. ஒரு வெடி போட்டா ஓடிரும். வெடி இருக்கா தாயி?" என்றார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"டின்னு நெறையக் கொண்டாந்தேனே. கொஞ்சங்கூட மிச்சம் வைக்கலயா?"

"கொட்டிட்டேன்லண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். வேறு வழி கிடையாது என்று மட்டும் கையைக் காட்டினார். உட்கார்ந்தோம். யானைகளுக்கு என்ன அவசரம்? தண்ணீரை வாரி முதுகில் விட்டுக்கொண்டன. குட்டி விளையாடியது. வெயில் மரத்து உச்சியை விட்டு இறங்கி மலைவிளிம்புக்குப் போயிற்று.

தூளிக்குள்ளிருந்து "தண்ணி" என்றார் இவர். சன்னமான குரல். பானையை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். தண்ணீர் எதிரே ஓடிக்கொண்டிருந்தது, யானைக் கால்களுக்கு நடுவில். சத்தம் கேட்டுவிடப் போகிறதே என்று நான் அவர் வாயை என் உள்ளங்கையால் மூடினேன். என் புருஷன் தண்ணீர் கேட்ட வாயை நான் மூடினேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேட்டார். மூன்றாம் தடவை கேட்கவில்லை.

யானைகள் கரையேறி மூங்கிலுக்குள் மறைந்ததும் ஓடினேன். முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து அவர் வாயில் பிழிந்தேன். தண்ணீர் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போயிற்று. மாட்டுக்காரர் மூக்கருகே கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்தார். தூக்குங்க தாயி, பொழுது சாயுது என்று சொன்னார். மிச்ச வழி முழுக்க நான்தான் பின்னால் சுமந்தேன். பாரம் அப்போதும் அதேதான் இருந்தது.

வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. காய்ச்சல் என்று ஒரு வரி எழுதக் கை வராதா என்று மூத்தார் கேட்டார். அவர் மனைவி, "எட்டாவது படிச்சவளாம்" என்றாள். மற்றபடி இருவரும் நலம் என்று நான் எழுதியிருந்ததை ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினாறு நாளும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து கேட்டேன். மாமா மட்டும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் கம்பெனிக்கும் போகவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் வேறு யாரும் இல்லை. என் சீட்டு அவர் முன்னால் விரிந்து கிடந்தது. மடித்து மடித்துப் பார்த்து மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது.

"இதுல மருந்துன்னு மட்டுந்தான் எழுதிருக்க தாயி" என்றார். "படிச்ச அன்னைக்கி எனக்கு ஒரு சந்தேகமும் வரல. அம்புட்டுச் சந்தோசம் எனக்கு. இப்ப கண்ண மூட முடியல. ஒங்க ஊருல மருந்துன்னா வேறயாச்சே. நீ எந்த மருந்து கேட்ட?"

நான் அவரைப் பார்த்தேன். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. மகனை வைத்துப் பந்தயம் கட்டியவர். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அவர் மகன் என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். இத்தனையையும் சொல்லிவிட நாக்கு துடித்தது. அவர் சீட்டின் மேல் வைத்திருந்த விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணில் சாம்பல் நிறப் பொடி. அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது எத்தனை கழுவினாலும் போவதில்லை. இரட்டிப்பாக அனுப்பிய கை. நான் ஓடையில் கொட்டியதும் அந்தக் கை சலித்ததைத்தான். நான் மாத்திரை என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கையை வைத்துக்கொண்டு இந்தக் கிழவர் மிச்ச நாளை எப்படிக் கழிப்பார்?

"வெடிமருந்துதான் மாமா கேட்டேன்" என்றேன்.

"அப்ப காய்ச்சல்னு ஏன் எழுதல?"

அவுக எழுத வேண்டாம்னு சொன்னாக என்று சொல்லியிருக்கலாம். ஏன் வேண்டாம் என்றான் என்று அடுத்துக் கேட்பார்.

"எழுதணும்னு எனக்குத் தோணல மாமா."

அவர் மூச்சை விட்டார். எனக்குக் கேட்கும்படி, உள்ளே அடைத்துக் கிடந்தது மொத்தமும் வெளியே வருகிற மாதிரி விட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு வெறுப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் ஒரு முகத்தில் பார்த்ததில்லை.

"எம் பிள்ள சாகக் கெடந்துருக்கான். ஒனக்குத் தோணல" என்றார்.

அந்த வாரமே என்னை விருதுநகருக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் பிள்ளை இருந்ததால் பிறகு போக்குவரத்து இருந்தது. ஆனால் மாமா அதன்பின் இருந்த ஒன்பது வருஷமும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாண வீடுகளில் நான் நுழைந்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். பேரனை மடியில் வைத்துக் கொஞ்சுவார், என்னைக் கண்டதும் இறக்கிவிடுவார்.

அப்படி ஒரு கல்யாணப் பந்தியில் என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாவம், என்மேல் அவருக்கு ஒட்டுதல் உண்டு. யார் காதிலும் விழாமல் தாழ்ந்த குரலில், "அவுக பேசாததெல்லாம் மனசுல வைக்காத தாயி. அன்னைக்கி ஒன்னக் கூப்பிட்டுக் கேட்டாகல்ல, அன்னைக்கி ராத்திரிதான் முதல்ல கண்ண மூடுனாக. அதுலருந்து நல்லாத் தூங்குறாக" என்றார்.

"நல்லாத் தூங்கட்டும் அத்தை" என்று சொல்லிவிட்டு இலையில் விழுந்த சோற்றைப் பிசைந்தேன்.